ஜெயித்த கட்சியைக் காணவில்லை!

தேர்தலில் தோற்றுக் காணாமல் போன கட்சிகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஜெயித்துக் காணாமல் போன கட்சி ஏதாவது தெரியுமா?

2025 செப்டம்பரில் தேர்தல் கமிஷன் ஒரு பட்டியல் வெளியிட்டது. பதிவு செய்யப்பட்டு, அங்கீகாரம் இல்லாமல் இருந்த கட்சிகளில் 474 கட்சிகளை ஒரே மூச்சில் நீக்கியிருந்தார்கள். அதற்கு முந்தைய மாதமே 334 கட்சிகள் போயிருந்தன. காரணம் எளிமையானது. 2019ல் இருந்து ஆறு வருஷமாக இவர்கள் ஒரு தேர்தலில்கூட நிற்கவில்லை.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டுமே வைத்துக்கொண்டு, நன்கொடைக்கு வருமான வரி விலக்கு வாங்கும் கட்சிகள் ஒழியட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி. அந்த நாளில் அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ஈ.ஆர். ஈஸ்வரன் திருச்செங்கோடு எம்.எல்.ஏ. அதே கட்சியின் மாதேஸ்வரன் நாமக்கல் எம்.பி. தேர்தலிலேயே நிற்காத கட்சிக்கு எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் எங்கிருந்து வந்தார்கள்?

விடை ஒரே வார்த்தை: சின்னம். இரண்டு பேரும் ஜெயித்தது உதயசூரியனில். மக்கள் பார்வையில் அவர்கள் கொங்குக் கட்சிக்காரர்கள். தேர்தல் கமிஷன் ஏட்டில் திமுக வேட்பாளர்கள். ஆக, ஏட்டின்படி கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி 2019லும் நிற்கவில்லை, 2021லும் நிற்கவில்லை, 2024லும் நிற்கவில்லை!

இது வெறும் சட்டச் சிக்கல் இல்லை. ஒரு சின்னக் கட்சியின் அரசியல்வாதி தமிழ்நாட்டில் எப்படி வளர்கிறார், வளர வளர அவர் கட்சி எப்படிக் கரைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. திருப்பூர் வட்டாரத்தில் அரசியலுக்கு வர நினைக்கும் எந்த இளைஞனும் இந்தக் கதையை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு வரலாம்.

கதை 2009ல் ஆரம்பிக்கிறது.

அந்த வருஷம் பிப்ரவரியில் கோவைக்கும் அவினாசிக்கும் நடுவில் இருக்கும் கருமத்தம்பட்டியில் ஒரு பெரிய மாநாடு நடந்தது. கொங்கு வேளாளர் கவுண்டர்கள் பேரவை நடத்தியது. அதில் இருந்து கொங்குநாடு முன்னேற்றக் கழகம் பிறந்தது. தலைவர் பெஸ்ட் ராமசாமி, பொதுச்செயலாளர் ஈஸ்வரன். சில மாதத்திலேயே மக்களவைத் தேர்தல். இரண்டு பெரிய கழகங்களோடும் சேராமல், புத்தம்புதுக் கட்சி தனியாக நின்றது.

முடிவைப் பார்த்து எல்லோரும் அசந்து போனார்கள். கோவையில் ஈஸ்வரன் வாங்கியது ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ஓட்டு. ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் அந்தக் கட்சி ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்போதுதான் முதல் தேர்தலைச் சந்தித்த திருப்பூர் தொகுதியில் தொண்ணூற்றைந்தாயிரத்தைத் தொட்டது. எங்கேயும் ஜெயிக்கவில்லை. ஆனால் பிறந்து மூன்று மாதம்கூட நிரம்பாத ஒரு கட்சிக்கு இத்தனை பேர் சொந்த விருப்பத்தில் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டு ஒவ்வொன்றும் அந்தக் கட்சியின் பெயரில் எண்ணப்பட்டது. கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஏன் அத்தனை ஓட்டு? சாதி ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். இந்த வட்டாரத்துக்கென்று தனிப் பிரச்சினைகள் உண்டு. நொய்யல் சாயக்கழிவு, நூல் விலை, விசைத்தறிக் கூலி, அவினாசி-அத்திக்கடவுத் திட்டம் என்று எதை எடுத்தாலும் சென்னைக்கும் டெல்லிக்கும் அது தூரத்துச் செய்தி.

திருப்பூர் மாவட்டத்தின் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் உருவானது 2009 பிப்ரவரி. எட்டு சட்டமன்றத் தொகுதிகள். இந்த எட்டும் ஒரு எம்.பி.யின் கீழ் இல்லை. திருப்பூர் வடக்கும் தெற்கும் திருப்பூர் மக்களவைத் தொகுதியில். காங்கயமும் தாராபுரமும் ஈரோட்டில். பல்லடம் கோவையில். அவினாசி நீலகிரியில்! உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். பல்லடத்துத் தறியும் அவினாசி ரோட்டு நிட்டிங் மிஷினும் திருப்பூர் தையல் மிஷினும் ஒரே தொழிலின் கை கால்கள். அவற்றுக்காகப் பேச வேண்டியவர்களோ ஐந்து எம்.பி.க்கள். இப்படிப்பட்ட ஊரில் வட்டாரத்துக்கென்று ஒரு கட்சி வருவதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்குத்தான் 2009ல் ஓட்டு விழுந்தது.

சரி, அந்த ஓட்டை வைத்து என்ன செய்தார்கள்?

2011 ஜனவரி 28. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பனியன் தொழிலில் சாயப்பட்டறை நின்றால் எல்லாம் நிற்கும். நெய்த துணி சாயத்துக்குப் போகாமல் தேங்கும், கட்டிங் மேஜை காலியாகும், தையல்காரர் ஊருக்கு பஸ் ஏறுவார். இன்னொரு பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகளுக்குச் சாயத் தண்ணீர் பல வருஷ நரகம். தொழில், விவசாயம் இரண்டுமே கொங்குக் கட்சியின் சொந்த ஜனம். ஒரு வட்டாரக் கட்சிக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வராது.

ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். கொங்குநாடு முன்னேற்றக் கழகம் அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திமுக கூட்டணியில் ஏழு தொகுதி வாங்கி நின்றது. பட்டறைகளை மூடியது நீதிமன்றம்தான், அரசு இல்லை. ஆனாலும் ஊரே கோபத்தில் இருந்தபோது, ஊருக்காகப் பிறந்த கட்சி அரசைப் பார்த்துக் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. ஏழும் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2013ல் ஈஸ்வரன் பிரிந்து வந்து கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியைத் தொடங்கினார். 2014ல் பாஜக கூட்டணியின் வேட்பாளராகப் பொள்ளாச்சியில் நின்று இரண்டாம் இடம் பிடித்தார். திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. 2016ல் தனித்து நின்றார்கள். மாநில அளவில் அரை சதவீத ஓட்டுக்கூட வரவில்லை. 2019ல் திமுக கூட்டணி. நாமக்கல்லில் கட்சியின் சின்ராஜ் உதயசூரியனில் நின்று இரண்டரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். 2021ல் திருச்செங்கோடு, பெருந்துறை, சூலூர் என்று மூன்று தொகுதி, மூன்றிலும் உதயசூரியன். திருச்செங்கோட்டில் மட்டும் ஈஸ்வரன் மூவாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். 2024ல் மறுபடி நாமக்கல், மறுபடி உதயசூரியன், மறுபடி வெற்றி.

தனி மனிதரின் பயணமாகப் பார்த்தால் இது வெற்றிக் கதை. பன்னிரண்டு வருஷம், நான்கு தோல்வி, விடாமல் நின்று கடைசியில் சட்டசபைக்குள் போனார். அந்தப் பிடிவாதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கட்சியின் பயணமாகப் பாருங்கள். ஒரு தொகுதியில்கூட ஜெயிக்காத 2009ல் அந்த இயக்கத்துக்குச் சொந்த ஓட்டு லட்சக்கணக்கில் இருந்தது. எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் இருந்த 2025ல், சட்டத்தின் கண்ணில் கட்சியே இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு சொல் போதும். ஜாப் ஒர்க். துணி பார்ட்டியுடையது, லேபிள் பார்ட்டியுடையது. தைத்துக் கொடுப்பது மட்டும் நம் வேலை. கூலி சரியாக வரும், சில சமயம் நன்றாகவே வரும். ஆனால் இருபது வருஷம் தைத்தாலும் கடையில் தொங்கும் பனியனில் நம் பெயர் இருக்காது. அடுத்த சீசனில் பார்ட்டி வேறு யூனிட்டுக்குப் போனால் கேட்க முடியாது.

பார்ட்டி வேறு யூனிட்டுக்குப் போன கதையும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. கொங்கு இளைஞர் பேரவை என்று ஓர் அமைப்பு. பெயரிலேயே இளைஞர். அதன் தலைவர் தனியரசு 2011ல் பரமத்திவேலூரிலும் 2016ல் காங்கயத்திலும் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். பத்து வருஷம் எம்.எல்.ஏ. சட்டசபைக் கணக்கில் அந்தப் பத்து வருஷமும் அவர் அதிமுக. 2017ல் மாட்டு விற்பனைக்கு மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டை எதிர்த்து, அவரும் அதே சின்னத்தில் ஜெயித்த தமிமுன் அன்சாரியும் கருணாசும் சபையில் இருந்து வெளிநடப்பு செய்தார்கள். காங்கயம் காளைக்குப் பேர்போன ஊரின் எம்.எல்.ஏ. செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனால் 2021ல் மூன்று பேருக்கும் அந்தக் கூட்டணியில் இடம் இல்லை. சின்னம் திரும்பிப் போனதும் கையில் மிஞ்சியது என்ன? "எனக்கு இத்தனை ஓட்டு இருக்கிறது" என்று காட்ட ஒரு தேர்தல் முடிவுகூட இல்லை. 2016ல் காங்கயத்தில் விழுந்த ஓட்டெல்லாம் இலைக் கணக்கில் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பெரிய கட்சியின் சின்னம் வேண்டும் என்றால் அந்தக் கட்சி கையெழுத்துப் போட்டுத் தரும் ஏ, பி படிவங்கள் வேண்டும். அதைக் கொடுத்த நிமிடம் நீங்கள் அந்தக் கட்சியின் வேட்பாளர். ஜெயித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி அந்தக் கட்சியின் உறுப்பினர். கொறடா உத்தரவு போட்டால் கட்டுப்பட வேண்டும். மீறினால் பதவி போகும். அதாவது, வட்டாரப் பிரச்சினையில் பெரிய கட்சி ஒரு முடிவு எடுத்து, வட்டாரம் வேறு ஒன்றை விரும்பினால், வட்டாரக் கட்சியின் எம்.பி. ஓட்டுப் போட வேண்டியது பெரிய கட்சி சொல்கிற பக்கம்தான். 2009ல் தொண்ணூற்றைந்தாயிரம் பேர் திருப்பூரில் ஓட்டுப் போட்டது இதற்கா?

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியூர் போய் வரலாம். ஜெர்மனியில் பைரேட் கட்சி என்று ஒன்று 2006ல் ஆரம்பித்தது. கடற்கொள்ளையர் கட்சி! இணைய சுதந்திரம், வெளிப்படையான அரசு என்று பேசிய கம்ப்யூட்டர்ப் பையன்கள். 2011 செப்டம்பரில் பெர்லின் மாநிலத் தேர்தலில் 8.9 சதவீத ஓட்டு வாங்கினார்கள். பட்டியலில் அவர்கள் போட்டிருந்த பெயர்கள் மொத்தமே பதினைந்து. பதினைந்து பேரும் உள்ளே போனார்கள். அதில் ஒருவர் சூசன்னே கிராஃப், வயது பத்தொன்பது. அந்தக் குழுவில் ஒரே பெண்ணும் அவர்தான். எந்தப் பெரிய கட்சியின் வீட்டு வாசலிலும் காத்திருக்காமல், எந்தச் சின்னத்தையும் கடன் வாங்காமல், ஒரு மாநில சபைக்குள் போய் உட்கார்ந்தார்.

அங்கே எப்படி முடிகிறது? வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சி ஓட்டு ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவுக்கு இடம் உண்டு. தாண்டாவிட்டாலும் மாநிலத் தேர்தலில் ஒரு சதவீதம் வாங்கினால் அரசு நிதி உண்டு. ஒரு ஓட்டும் வேறு கட்சியின் கணக்கில் போகாது.

உடனே ஜெர்மனி சொர்க்கம் என்று குதிக்க வேண்டாம். ஐந்தே வருஷத்தில், 2016ல், அதே பெர்லினில் அதே கட்சி 1.7 சதவீதத்துக்கு விழுந்தது. ஒருவர்கூட மிஞ்சவில்லை. உட்கட்சிச் சண்டையும் அனுபவமின்மையும் சேர்ந்து சாய்த்துவிட்டன. அந்த முறை இங்கே இருந்திருந்தாலும் கொங்குக் கட்சி உள்ளே போயிருக்காது. ஒரு வட்டாரத்தில் மட்டும் பலம் உள்ள கட்சிக்கு மாநிலம் முழுக்க ஐந்து சதவீதம் என்பது எட்டாத உயரம். வித்தியாசம் அதில் இல்லை. பைரேட் கட்சி எழுந்ததும் சொந்தப் பெயரில், விழுந்ததும் சொந்தப் பெயரில். ஏன் விழுந்தோம் என்று அவர்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கடன் சின்னத்தில் நிற்பவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஜெயித்தால் யாரால் ஜெயித்தோம் என்று தெரியாது. தோற்றால் யாரால் தோற்றோம் என்றும் தெரியாது.

இதற்குப் பதில் சொல்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "நடைமுறை தெரியாமல் பேசாதே." கிராமத்துப் பாட்டிக்குத் தெரிந்தது இலையும் சூரியனும்தான். புதுச் சின்னத்தைத் தேர்தல் கமிஷன் கடைசி நேரத்தில் ஒதுக்கும். அதைப் பதினைந்து நாளில் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குக் கொண்டுபோக எத்தனை கோடி வேண்டும்? சொந்தச் சின்னத்தில் நின்று தோற்று வீட்டில் இருப்பதைவிட, கடன் சின்னத்தில் ஜெயித்து நாலு பாலம் கட்டுவது மேல் இல்லையா?

வலுவான வாதம். பொய்யும் இல்லை. 2019ல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு இரண்டு தொகுதி. விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று, நள்ளிரவு வரை இழுத்து, வெறும் 3,219 ஓட்டில் கரையேறினார். சொந்தச் சின்னத்தின் விலை என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த விலையைக் கொடுத்தார்கள். 2021ல் அதே கூட்டணியில் ஆறு தொகுதியிலும் பானையிலேயே நின்று நான்கில் ஜெயித்தார்கள். 2024ல் இரண்டு மக்களவைத் தொகுதியிலும் பானை, இரண்டிலும் வெற்றி. விளைவு, மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம். கூட்டணி அதே கூட்டணிதான். சூரியனுக்குப் பக்கத்திலேயே பானையை வைத்தார்கள், அவ்வளவுதான். அதே கூட்டணியில் சூரியனுக்குள்ளேயே போன கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியும் மனிதநேய மக்கள் கட்சியும் 2025 பட்டியலில் நீக்கப்பட்டன. இதில் யாருடைய நடைமுறை நல்ல நடைமுறை?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருப்பூர் தொகுதியிலேயே பாருங்கள். 2019லும் 2024லும் இங்கே ஜெயித்தவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சுப்பராயன். அதே திமுக கூட்டணி, ஆனால் சின்னம் கதிர் அரிவாள். 2023ல் அந்தக் கட்சி தேசியக் கட்சி அந்தஸ்தையே இழந்தது. ஓட்டு வங்கியும் பழைய அளவுக்கு இல்லை. ஆனாலும் சின்னத்தை விடவில்லை. திருப்பூர் வாக்காளர் கதிர் அரிவாளைத் தேடி ஓட்டுப் போட்டார். பழகிய சின்னம் என்ற வசதி அவர்களுக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது? ஐம்பது, அறுபது வருஷம் விடாமல் அதே சின்னத்தில் நின்றதால் வந்தது. நிற்காமல் பழக்கம் வராது.

சொந்தச் சின்னத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அது கண்ணாடி மாதிரி. கொங்குக் கட்சி என்று பெயர் இருந்தாலும் அது ஒரு சாதியின் மாநாட்டில் இருந்து பிறந்தது. கொங்கு என்பதோ ஒரு சாதி இல்லை. இங்கே அருந்ததியர் இருக்கிறார்கள். பனியன் கம்பெனிகளை நம்பி மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கேயே ஓட்டுரிமை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பீகார், ஒடிசாவில் இருந்து வந்து தைப்பவர்கள் இருக்கிறார்கள். சொந்தச் சின்னத்தில் நிற்கும் கட்சி இவர்களிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும். பேசாவிட்டால் டெபாசிட் போகும், 2016 மாதிரி. கடன் சின்னம் கிடைத்தால் அந்தக் கவலை இல்லை. மற்றவர்களின் ஓட்டைப் பெரிய கட்சி கொண்டுவந்து கொட்டிவிடும்.

2024 மார்ச்சில் நாமக்கல்லுக்கு அறிவித்த முதல் வேட்பாளரின் பழைய சாதிப் பேச்சு ஒன்று வெளியில் வந்து, சில நாளிலேயே ஆளை மாற்ற வேண்டியதாயிற்று. கட்சிக்கு உள்ளே திருந்த வேண்டியது நிறைய இருக்கிறது என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை. ஆனால் தேர்தலில் ஜெயித்துவிட்டார்களே! ஜெயித்த பிறகு யார் திருந்துவார்கள்? முகத்தில் அழுக்கு இருப்பது கண்ணாடி பார்த்தால்தானே தெரியும்.

தேர்தல் கமிஷனையும் சும்மா விட முடியாது. கட்சியைப் பதிவு செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29-ஏ பிரிவு இருக்கிறது. பதிவை ரத்து செய்ய அப்படி வெளிப்படையான அதிகாரம் எதுவும் கமிஷனுக்கு இல்லை, சில விதிவிலக்குகளைத் தவிர, என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, மக்கள் மத்தியில் வேலை செய்கிற ஒரு கட்சியையும் வரி விலக்குக்காக மட்டுமே இருக்கிற ஒரு லெட்டர்பேடையும் ஒரே தராசில் நிறுத்தியது சரியில்லை. நிற்கவில்லை என்பதற்கும், வேறு சின்னத்தில் நின்றார்கள் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. கமிஷனுக்கு அது தெரியாதது இல்லை.

ஆனால் கமிஷனைத் திட்டிவிட்டுக் கட்சிக்காரர்கள் தூங்கப் போய்விடக் கூடாது. கமிஷன் அழித்தது பட்டியலில் இருந்த பெயரைத்தான். வாக்குச்சீட்டில் இருந்து அந்தப் பெயரை அழித்தது அவர்களேதான், ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே.

இதெல்லாம் யாருக்காக? ஈஸ்வரனுக்கோ தனியரசுவுக்கோ யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அவர்கள் அனுபவசாலிகள். இது இனிமேல் வரப்போகும் இளைஞனுக்கு. திருப்பூர்ப் பக்கம் இருபத்தோரு வயதில் ஏதோ ஒரு சின்னக் கட்சிக்குக் கொடி கட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும்.

இருபத்தோரு வயது என்று சொன்னது சும்மா இல்லை. சட்டமன்றத்துக்கு நிற்க இருபத்தைந்து வயது வேண்டும். உள்ளாட்சிக்கு இருபத்தொன்று போதும். திருப்பூர் மாநகராட்சியில் மட்டும் அறுபது வார்டு. ஒரு வார்டில் புதுச் சின்னத்தைக் கொண்டுபோகக் கோடி ரூபாய் தேவையில்லை. இரண்டு செருப்புத் தேய்ந்தால் போதும். சாக்கடை அடைப்பு, குடிதண்ணீர் வராத தெரு, சாயத் தண்ணீர் கலந்த போர் என்று பேசப் பிரச்சினைக்கும் பஞ்சமில்லை. 2022ல் நடந்த தேர்தலுக்குப் பிறகு இங்கே துணை மேயர் பதவியே ஒரு சின்னக் கட்சிக்கு, இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தது. சொந்தச் சின்னம் பழக வேண்டிய இடம் இதுதான். நேராக நாமக்கல் எம்.பி. சீட்டில் போய்ப் பழக முடியாது.

கட்சித் தலைமைகள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் இல்லை. கூட்டணியில் மூன்று சீட் கிடைத்தால், அதில் ஒன்றையாவது சொந்தச் சின்னத்தில் நில்லுங்கள். அது தோற்றாலும் பரவாயில்லை. உங்கள் பெயரில் ஒரு எண் பதிவாகும். அடுத்த தேர்தலில் பெரிய கட்சியின் முன்னால் போய் உட்காரும்போது மேஜைமேல் வைக்க அந்த எண் இருக்கும். இல்லாவிட்டால் அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வர வேண்டியதுதான்.

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு ஐம்பது சதவீத வரி போட்டபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்று, கன்டெய்னர்கள் எப்போது கிளம்பும் என்று தெரியாமல் எல்லோரும் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து எம்.பி.க்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும் ஒரு மாவட்டம். எழுந்து நின்று, "நான் இந்தத் தொழிலின் குரல், இந்தக் குரலுக்கு இத்தனை லட்சம் ஓட்டு இருக்கிறது" என்று கணக்கோடு சொல்ல ஒரு கட்சி அப்போது இல்லை. 2009ல் அப்படி ஒரு கணக்கு இருந்தது. தொண்ணூற்றைந்தாயிரம் பேர் எழுதிக் கொடுத்த கணக்கு.

அந்தக் கணக்கை யாரும் திருடவில்லை. இரண்டு மூன்று சீட்டுக்காக அதை வைத்திருந்தவர்களே அடகு வைத்தார்கள். அடகு வைத்த பொருளை மீட்கலாம், வட்டி கட்டினால். இந்த விஷயத்தில் வட்டி என்பது இரண்டு மூன்று தேர்தல் தோல்வி. அதைக் கட்டத் துணிச்சல் உள்ள ஒரு இருபத்தைந்து வயதுக்காரர் இந்த ஊரில் வருவாரா என்பதுதான் கேள்வி.